வெயில் ஊரில் விளையாட்டு... எப்போ? எங்கே?

துபாயில் பாலைவன மணலுக்கு நடுவே புல் வளர்த்து கோல்ஃப் ஆடுகிறார்கள். 1988-ல் திறந்த எமிரேட்ஸ் கோல்ஃப் கிளப்பில் ஒரு மைதானத்துக்கு விளக்குப் போட்டு ராத்திரியிலும் பந்தை அடிக்கிறார்கள். பணக்கார விளையாட்டு நமக்கெதற்கு என்கிறீர்களா? பணத்தை விடுங்கள், அவர்கள் நேரம் பார்க்கிறார்களே, அதைக் கவனியுங்கள். 2022 உலகக் கோப்பைக் கால்பந்தையே கத்தாரின் கோடைக்குப் பயந்து நவம்பர், டிசம்பரில்தான் வைத்தார்கள். அதே கத்தாரில், 2019-ல் தோஹா பெண்கள் மாரத்தானை நள்ளிரவில் ஓட விட்டும் கிளம்பிய 68 பேரில் 28 பேரால் முடிக்க முடியவில்லை. காற்றில் அவ்வளவு புழுக்கம்!

நம்ம விருதுநகர், சாத்தூர், சிவகாசிக்காரர்களுக்கு வெயிலைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டாம். தீக்குச்சியும் பட்டாசும் காய்வதற்கு இந்த வறண்ட வெயில்தான் வேண்டும். அந்தத் தொழில் இங்கே வேர் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். மருந்துக் கலவையை வெயில் ஏறுமுன் காலையிலேயே முடிக்கப் பார்ப்பார்கள். மருந்துக்கு நேரம் பார்க்கிற அதே ஊரில், ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் டோர்னமென்ட் பத்து மணிக்குத் தொடங்குகிறது. வாரத்துக்கு ஒரு நாள்தான் லீவு, அதற்குள் நாலு மேட்ச் முடிய வேண்டும் என்பது பையன்கள் கணக்கு.

சில வருஷங்களுக்கு முன் ஒரு சித்திரை மதியம், காலேஜ் பையன் ஒருவனை ஆட்டோவில் தூக்கி வந்தார்கள். உடம்பு கொதிக்கிறது, பேச்சு உளறல். "நல்லா வேர்க்குது, ஒண்ணும் இருக்காது ஐயா" என்றான் கூட வந்தவன். வேர்த்தாலும் ஆபத்து உண்டு! உளறலோ மயக்கமோ வந்துவிட்டால் சூரணம், கஷாயம் தேடுகிற கட்டம் தாண்டிவிட்டது. நிழலில் போட்டு, சட்டையைக் கழற்றி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பிழைத்தான். இப்போது 108 இருக்கிறது, உடனே கூப்பிடுங்கள். நினைவு தெளியாதவர் வாயில் சோடா, தண்ணீர் எதையும் ஊற்றாதீர்கள்.

நண்பகலைப் பித்தத்தின் பொழுது என்கிறது சித்த மருத்துவம். பங்குனி பிறந்ததும் பத்து மணி முதல் நாலரை மணி வரை ஓடியாடுகிற ஆட்டத்தை நிறுத்திவிட வேண்டும். விடிகிற நேரம்தான் முதல் தரம். ராத்திரி முழுக்கத் தரை ஆறியிருக்கும். சாயங்காலம் என்றால் ஐந்தரைக்கு மேல். அப்போதும் மொட்டை மாடியும் தார் ரோடும் வேண்டாம். பகலில் வாங்கிய சூட்டை சிமென்ட் எட்டு மணி வரை கக்கிக்கொண்டிருக்கும்.

இடம்? காய்ந்த கண்மாய் பார்ப்பதற்கு நல்ல மைதானம்தான். ஆனால், கரிசல் மண் கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஓடுகிறவன் கணுக்கால் அதில் மாட்டினால் மூன்று வாரம் கட்டு. சீமைக் கருவேல முள் வேறு! வேப்பமரம் சுற்றி நிற்கிற பள்ளிக்கூட மைதானம் கிடைத்தால் விடாதீர்கள். வாக்கிங் போகிற பெரியவர்களுக்கும் அதுவே நல்லது. விடியற்காலை ரோட்டில் ஆலை வேன்களும் பஸ்களும் பறக்கின்றன. ஆனி, ஆடியில் புழுதிக் காற்று அடிக்கும். இளைப்பு உள்ளவர்கள் அப்போது வீட்டுக்குள்ளேயே நடக்கலாம். கார்த்திகையிலிருந்து மாசி வரை, ஆசை தீர ஆடுங்கள்.

இன்னொரு விஷயம். நம் வறண்ட காற்றில் வேர்வை உடனே காய்ந்துவிடுவதால் 'வேர்க்கவே இல்லையே' என்று ஏமாந்துபோவோம். சட்டையில் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். உப்புப் போட்ட நீர்மோர், நீராகாரம், வெட்டிவேர் போட்ட பானைத் தண்ணீர்... இவற்றுக்கு முன் கலர் பாட்டில் எல்லாம் நிற்காது. பிரஷருக்கு நீர் பிரிகிற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் எவ்வளவு நீர், உப்பு என்று தங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பரீட்சை முடிந்த மறுநாளே பையன் நாள் முழுக்க ஆடக் கிளம்புவான். முதலில் அரை மணி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, பத்துப் பதினைந்து நாளில் உடம்பை வெயிலுக்குப் பழக்குங்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்த சனிக்கிழமை மட்டும் மட்டையை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுங்கள்!