மூலிகையின் பெயர் தெரிந்தால் போதுமா?

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து செல்வோரைச் சாலையோரக் கடைகளில் வரவேற்பது முடவாட்டுக்கால். மூட்டுவலிக்கு நல்லதென்று அதைச் சூப்பாகவும் தருகிறார்கள், நானும் அருந்தியிருக்கிறேன். கிழங்கு என்று விற்கப்பட்டாலும், உண்மையில் அது பாறைகளிலும் மரங்களிலும் பற்றி வளரும் ஒரு பெரணியின் தண்டு. தாவரவியலாளர் அதை ‘டிரைனேரியா குவெர்சிஃபோலியா’ என்பர்.

அதைப் பறித்து வரும் மலைவாழ் மக்களுக்கு இந்த அறிவியல் பெயர் தேவையில்லை. உயிருள்ள செடியின் இலையையும் அது வளரும் இடத்தையும் அவர்கள் அறிவார்கள். மலையிலிருந்து இறங்கி, உலர்ந்து, பொடியாகி நகரத்துக் கடைக்கு வரும் மூலிகைக்கோ இலையும் இல்லை, பூவும் இல்லை. பெயர் மட்டுமே எஞ்சுகிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. கீழாநெல்லியைப் போலவே தோற்றமளிக்கும் வேறு செடிகள் நம் வயல்வரப்புகளிலேயே பல உண்டு. செங்காந்தளின் கிழங்கை உண்ணத்தக்க கிழங்கென்று எண்ணி உண்பவரின் உயிரை அதிலுள்ள கோல்சிசின் என்னும் நஞ்சு பறித்துவிடக்கூடும்.

பெயர்க் குழப்பம் எவ்வளவு கொடியது என்பதை பெல்ஜியம் உலகுக்கு உணர்த்தியது. 1990களின் தொடக்கத்தில், பிரஸ்ஸல்ஸில் உடல் எடையைக் குறைக்க மருந்து உட்கொண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. ‘ஸ்டெஃபானியா’ என்ற சீன மூலிகைக்குப் பதிலாக, சீன மொழியில் ஏறக்குறைய அதே பெயர் கொண்ட ‘அரிஸ்டோலோக்கியா’ அம்மருந்தில் சேர்ந்திருந்தது. நம் ஆடுதீண்டாப்பாளையும் ஈச்சுரமூலியும் இந்த அரிஸ்டோலோக்கியா பேரினத்தைச் சேர்ந்தவையே. இதிலுள்ள அமிலம் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதிசெய்துள்ளது.

இத்தகைய பிழையைத் தடுப்பதற்கான முதற்படி தாவரவியல் ஆய்வு. பூவும் காயுமாகச் செடியைச் சேகரித்து, அழுத்தி உலர்த்தி, இடமும் நாளும் குறித்து வைக்கும் உலர்தாவரத் தாள்தான் பிற்காலத்தில் எழும் ஐயத்தைத் தீர்க்கும் சான்று. திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினட் உலர்தாவரகத்தில் அருட்தந்தை கே.எம்.மேத்யூ இப்பணிக்காகவே உழைத்தார். தமிழ்நாட்டுக் கர்நாடகப் பகுதியின் தாவரங்களைப் பற்றி 1980களில் அவர் வெளியிட்ட தொகுதிகள் இன்றும் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டுகின்றன.

செடியின் அடையாளம் உறுதியான பிறகே அதன் வேதிப்பொருள், அளவு, பக்கவிளைவு ஆகியவற்றை ஆராய்வதில் பொருள் உண்டு. ஆகவே, விற்பனைக்கு வரும் ஒவ்வொரு மூலிகைப் பொட்டலத்திலும் தாவரவியல் பெயரும், பயன்படுத்தப்பட்ட பாகமும், சேகரித்த இடமும் அச்சிடப்பட வேண்டும் என்பேன். மலையில் மூலிகை பறிப்பவரின் கண்ணும் தாவரவியலாளரின் பதிவேடும் ஒன்றையொன்று சரிபார்க்கும்போதுதான், நோயாளி நம்பி உட்கொள்ளும் மருந்து பாதுகாப்பானதாகும்.