மதிய மாத்திரை ஏன் ஏறவில்லை?

தாமலிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மாமனார் பட்டு நெசவாளர், 68 வயது. மூன்று வருடமாக நடுக்குவாதம். “காலையில் மாத்திரை போட்ட முக்கால் மணி நேரத்தில் மாமா தானாக எழுந்து தறிக்குழியில் இறங்கிவிடுகிறார். நாடா கை மாறுகிறது, கால் மிதியில் ஓடுகிறது. மதியம் சாப்பிட்டுவிட்டு அதே மாத்திரையைப் போட்டால் ஒன்றும் ஏறுவதில்லை. திண்ணையை விட்டு எழுந்திருக்கவே கைத்தாங்கல் வேண்டும். கடையில் போலி மாத்திரை கலந்து கொடுக்கிறார்களா? பூனைக்காலி சூரணம் நல்லது, பக்கவிளைவே கிடையாது என்று செல்போனில் வீடியோ வருகிறது. அதைக் கொடுக்கலாமா?”

ஒரே அட்டையிலிருந்து கிழித்த மாத்திரை காலையில் வேலை செய்து மதியம் செய்யவில்லை என்றால், மருந்துக்கடையைச் சந்தேகப்படும் முன் சாப்பாட்டுத் தட்டைப் பார்க்க வேண்டும். அதையும் அவரே எழுதியிருக்கிறார். காலை மாத்திரை வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் தண்ணீரோடு. மதியம் சாம்பார் சாதம், ஒரு முட்டை, கடைசியில் கெட்டித் தயிர், அதன்மேல் மாத்திரை.

நடுக்குவாதத்தில், அதாவது பார்க்கின்சன் நோயில், மூளையில் டோபமின் குறைகிறது. டோபமினையே விழுங்கிப் பயனில்லை. இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பை அது தாண்டாது. எனவே அதற்கு ஒரு படி முந்தைய பொருளான லெவோடோபாவைக் கொடுக்கிறார்கள். மூளைக்குள் போனபின் அது டோபமினாக மாறிக்கொள்ளும். இந்த லெவோடோபா ஓர் அமினோ அமிலம். பருப்பும் முட்டையும் தயிரும் செரித்தால் கிடைக்கும் லூசின், ஐசோலூசின், வாலின், ஃபினைல்அலனின் ஆகியவற்றுக்கு நெருங்கிய உறவு. பெரிய, மின்னூட்டமில்லாத இந்த அமினோ அமிலங்களைத் தூக்கி மறுபக்கம் விடுவதற்கென்றே மூளைத் தடுப்பில் கடத்திப் புரதங்கள் இருக்கின்றன. சிறுகுடல் சுவரிலும் அதே வகைக் கடத்திகள் உண்டு. லெவோடோபாவுக்கென்று தனிவழி எதுவும் கிடையாது.

காலை எட்டரைக்குத் தாமல் நிறுத்தத்துக்கு வரும் காஞ்சிபுரம் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். லெவோடோபா அதில் ஏற வேண்டிய ஒரே ஓர் ஆள். விடியற்காலை பஸ் காலி, ஏறி உட்கார்ந்துவிடலாம். எட்டரைக்குப் பள்ளிப் பிள்ளைகள், கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் என்று நிறுத்தம் நிரம்பிவிடும். இவர்கள்தான் பருப்பிலிருந்து வந்த அமினோ அமிலங்கள். நம் ஆள் ஊரை விட்டு எங்கும் போய்விடவில்லை, நிறுத்தத்தில்தான் நிற்கிறார். பஸ்ஸில்தான் இடமில்லை. வயிறு நிறைந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும் என்பதால் நிறுத்தத்துக்கு வரும் வழியிலேயே ரயில்வே கேட் மூடியிருக்கிறது. எப்படியோ முட்டி மோதி ஏறினாலும் அது குடலில் ஏறிய முதல் பஸ் மட்டுமே. காஞ்சிபுரத்தில் இறங்கி மூளைக்குப் போகும் இன்னொரு பஸ்ஸுக்கு மாற வேண்டும். அங்கேயும் கூட வந்து நிற்பது அதே கூட்டம்.

இந்த இரண்டாவது பஸ்ஸில் நிஜமாகவே நெரிசல் உண்டா, அல்லது எல்லாத் தகராறும் வயிற்றோடு முடிந்துவிடுகிறதா? இதைப் பிரித்துக் காட்டிய பரிசோதனை ஒன்றை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. அமெரிக்காவின் ஆரிகனில் ஜான் நட் என்ற நரம்பியல் மருத்துவரும் சகாக்களும் செய்தது, 1984இல் வெளியானது. ஒன்பது நோயாளிகள். லெவோடோபாவை வாய்வழியே கொடுக்காமல் இரத்தக்குழாயில் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். குடலைச் சுற்றிக்கொண்டு போய்விட்டதால் செரிமானத்தைக் குறைசொல்ல வழியே இல்லை. நோயாளிகள் நன்றாக நடமாடிக்கொண்டிருந்த நேரத்தில் புரதம் மிகுந்த சாப்பாடு கொடுத்தார்கள். உடல் மறுபடி இறுகியது. இரத்தத்தை எடுத்துப் பார்த்தால் மருந்தின் அளவு குறையவே இல்லை!

அதோடு நிறுத்தியிருந்தால் சாப்பாட்டில் வேறு ஏதோ காரணம் இருக்கலாம் என்று ஒருவர் வாதாடலாம். அவர்கள் அமினோ அமிலங்களைத் தனித்தனியாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். லூசின், ஐசோலூசின், ஃபினைல்அலனின் கொடுத்தபோது உடல் இறுகியது. கிளைசினும் லைசினும் கொடுத்தபோது ஒன்றும் ஆகவில்லை. அவையும் அமினோ அமிலங்கள்தாம். ஆனால் அவை போகும் கடத்தி வேறு. மருந்து இரத்தத்தில் முழுசாக இருந்தும் மூளைக்கு எட்டவில்லை என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டிவிட முடியாது.

மாத்திரை அட்டையில் 110 என்று போட்டிருக்கும் வகையில் 100 மி.கி. லெவோடோபாவும் 10 மி.கி. கார்பிடோபாவும் இருக்கின்றன. கார்பிடோபா மூளைக்குள் போகாது, போகவும் கூடாது. லெவோடோபா குடலிலும் இரத்தத்திலுமே டோபமினாக மாறி வீணாவதைத் தடுப்பதுதான் அதன் வேலை. அது இல்லாமல் லெவோடோபாவை மட்டும் கொடுத்தால் நூற்றில் ஒரு பங்களவுதான் மூளைக்குப் போய்ச் சேரும். வழியில் உண்டான டோபமின் குமட்டலையும் வாந்தியையும் கிளப்பும்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயை விவரித்தது 1817இல். சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் தாமோதரனும் ராமசாமியும் பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்து வெளியிட்டது 1937இல். சென்னையில்தான் இந்த மருந்து பிறந்தது என்று யாராவது பெருமை பேசினால் நம்ப வேண்டாம். அவரை வகை ஒன்றிலிருந்து ஐரோப்பாவில் 1913லேயே அதைப் பிரித்திருந்தார்கள். 1937இல் இந்தப் பொருளை இந்த நோயோடு சேர்த்து எண்ணியவர் உலகில் எவருமில்லை. நம் சர்ப்பகந்தா வேரிலிருந்து கிடைத்த ரிசர்பினைக் கொடுத்து முயல்களை அசைவற்றுப் படுக்கவைத்து, லெவோடோபாவால் அவற்றை எழுப்பிக் காட்டினார் ஸ்வீடனின் கார்ல்சன், 1957இல். நோயாளிகளின் மூளையில் டோபமின் குறைவு என்று வியன்னாவில் தெரிந்தது 1960. அதிக அளவு கொடுத்தால் பலன் நீடிக்கிறது என்று நியூயார்க்கில் காட்சியாஸ் நிறுவியது 1967.

பூனைக்காலிக்கு வருகிறேன். அந்த விதையில் இருப்பது மாத்திரையில் இருக்கும் அதே லெவோடோபா. எனவே அது வேலை செய்யும் என்பதில் ஐயமில்லை. 2004இல் வெளியான லண்டன் ஆய்வில் மாத்திரையைவிட விரைவாகவே வேலை செய்தது. ஆனால் எட்டே நோயாளிகள், ஒவ்வொன்றும் ஒரு வேளை மட்டும் கொடுத்துப் பார்த்தது. அதை வைத்துக்கொண்டு ஆயுள் முழுதும் சாப்பிடலாம் என்று வீடியோ போடுவது அநியாயம். ‘இயற்கை, பக்கவிளைவு இல்லை’ என்பதும் பொய். வேலை செய்யும் பொருள் அதே என்றால் பக்கவிளைவும் அதேதான். விதைக்கு விதை, மண்ணுக்கு மண் அளவு மாறும். வறுத்தால் ஒன்று, வேகவைத்தால் ஒன்று. விதையில் கார்பிடோபா கிடையாது. சூரணத்தை மாத்திரைக்கு மேல் கொடுத்தால் கை கால் தானாக முறுக்கி ஆடலாம், இல்லாத ஆட்கள் கண்முன் தெரியலாம். தாமல் வீட்டுக்கு என் பதில்: கொடுக்காதீர்கள். மதியப் பிரச்சினை மருந்துக் குறைவால் வந்ததல்ல.

மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு கொடுங்கள், அல்லது சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்து. வெறும் வயிற்றில் குமட்டினால் ஒரு வாழைப்பழம் போதும். காஞ்சிபுரம் இட்லியில் உளுந்தும் உண்டு, தயிரும் உண்டு, அதனால் இட்லிதானே என்று கணக்கில் விட்டுவிட வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரை லெவோடோபாவைப் பிடித்துக்கொள்ளும், அதற்கு வேறு நேரம் ஒதுக்குங்கள். பருப்பையும் முட்டையையும் அடியோடு நிறுத்தி முதியவரை மெலியவைப்பது பெரிய தவறு. அவற்றில் பெரும்பகுதியை இரவுச் சாப்பாட்டுக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

மருந்து இறங்கும் நேரத்தில் உடல் மட்டும் இறுகுவதில்லை. பலருக்கு மனமும் பதறும், வியர்க்கும், இரவானால் புரண்டு படுக்க முடியாமல் தூக்கம் கெடும். வீட்டில் அதைப் பயம் என்பார்கள். உடனே பதற்றத்துக்கு ஒரு மாத்திரை, தூக்கத்துக்கு ஒரு மாத்திரை சேரும். எழுந்தாலே இரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றுகிற ஒருவருக்கு அல்பிரஸோலம் போன்றவற்றைக் கொடுத்தால், நள்ளிரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் விழுந்து இடுப்பெலும்பு முறியும் அபாயம் கூடும். பதற்றம் மருந்து இறங்குவதால் வருகிறதா என்று பிரித்தறிய ஸ்கேன் தேவையில்லை. மாத்திரை போட்ட மணி, சாப்பிட்ட மணி, பதற்றம் வந்த மணி மூன்றையும் ஒரு வாரம் நோட்டில் எழுதினால் போதும். பதற்றம் ஒவ்வொரு நாளும் அடுத்த மாத்திரைக்குச் சற்று முன்பே வருகிறது என்றால், கேட்க வேண்டியது தூக்க மாத்திரையை அல்ல, லெவோடோபாவின் நேரத்தை மாற்றுவதை. வார்டில் இந்தக் கணக்கை முதலில் பிடிப்பவர் பெரும்பாலும் செவிலியர்தான். எட்டு மணி மருந்து வண்டி எல்லாருக்கும் பொது, இந்த நோயாளிக்கு ஏழு மணி என்று தனியாகக் குறித்துவைக்கும் செவிலியர் அவரை அன்று முழுதும் நடமாட வைக்கிறார்.

வேறு எதற்காக ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும் வீட்டு மாத்திரைகளைக் கையோடு கொண்டுபோங்கள். லெவோடோபாவைத் திடீரென நிறுத்தினால் கடும் காய்ச்சலும் உடல் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வாந்தி என்றதும் வழக்கமாகப் போடப்படும் மெட்டோகுளோபிரமைடு ஊசி மூளைக்குள் புகுந்து டோபமின் உட்கார வேண்டிய இடங்களை அடைத்துவிடும், மாத்திரை சரியான நேரத்தில் போயிருந்தாலும் ஆள் அசையமாட்டார். இரவில் பிதற்றினால் போடும் ஹாலோபெரிடாலும் அப்படியே. வாந்திக்கு டோம்பெரிடோன் பெரும்பாலும் மூளைத் தடுப்புக்கு வெளியிலேயே நின்றுவிடும். இதய மின்வரைபடத்தைப் பார்த்து மருத்துவர் அதைத் தருவார். ‘பார்க்கின்சன் நோயாளி, மெட்டோகுளோபிரமைடும் ஹாலோபெரிடாலும் வேண்டாம்’ என்று சீட்டின் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.