நரம்புக்கு உறை சுற்றும் கலங்கள்

கண்டி வீதியில் மாங்குளத்திலே 'உயிரிழை' என்றோர் அமைப்பு உண்டு; முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டோருக்கானது. பெயரிட்டவர் யாரோ, தமிழும் உடலியலும் ஒருங்கே அறிந்தவர் போலும். முண்ணாண் என்று நம் பாடநூல்கள் கூறும் அவ்வடம் நுண்ணிய இழைகளின் கற்றையே.

அவ்விழைகளுட் பலவற்றை மயலின் என்னும் கொழுப்புறை போர்த்தியிருக்கின்றது. உறையுள்ள பருத்த இழையிலே செய்தி விநாடிக்கு நூறு மீற்றர்வரை பாயும். உறையற்ற மெல்லிழையில் ஏறத்தாழ ஒரு மீற்றர்தான் ஊரும். மூளையிலும் முண்ணாணிலும் இவ்வுறையைச் சுற்றும் கலங்களுக்கு 1921 இல் ஸ்பானிய அறிஞர் ரியோ ஓர்தேகா 'ஒலிகோடென்ட்ரோசைற்று' எனப் பெயர் சூட்டினார். சில கிளைகளே உடைய கலம் என்பது பொருள். கிளை சிலவாயினும் ஒரே கலம் பல இழைகளைப் போர்த்திவிடும்! அடிபட்ட இடத்தில் இக்கலங்கள் மாளுங்கால், அறுபடாது தப்பிய இழைகளும் உறையிழந்து ஊமையாகின்றன.

மாண்டவற்றை ஆய்வுகூடத்தில் ஆக்கித் தரலாகாதா? 1998 இல் ஜேம்ஸ் தொம்சன் மனிதக் கருவிலிருந்து, எக்கலமாகவும் மாறவல்ல குருத்துக்கலங்களைப் பிரித்தெடுத்தார். 2007 இல் யப்பானிய அறிஞர் யமனாக்கா, வளர்ந்த மனிதரின் தோற்கலங்களையே அத்தகைய நிலைக்குத் திருப்பிக் காட்டினார். உரிய பொருள்களை முறைப்படி ஊட்டிப் பல வாரம் வளர்த்தால் இவை உறை சுற்றும் கலங்களின் முன்னோடிகளாகின்றன.

2005 இல் கலிபோர்னியாவில் கீர்ஸ்டெட் குழுவினர் இம்முன்னோடிகளை முண்ணாண் அடிபட்ட எலிகளுக்கு ஏற்றினர். காயம்பட்ட ஏழாம் நாள் ஏற்றப்பட்டவற்றின் இழைகள் மீண்டும் உறை பெற்றன, நடையும் தேறியது. பத்து மாதம் கழித்து ஏற்றப்பட்டவற்றில் அப்பயன் விளையவில்லை. 2010 இல் அமெரிக்காவில் மனிதரிடத்துத் தொடங்கிய சோதனையும் காயம்பட்டு இரு வாரத்துக்குட்பட்டோரையே சேர்த்தது. மறு ஆண்டே அந்நிறுவனம் பணம் போதாதென்று அதைக் கைவிட்டது. பின்னர் வேறொரு நிறுவனம் மீளத் தொடங்கியது. பெருந்தீங்கு காணப்படவில்லை, நடை மீண்டதென்று சொல்லவும் இடமில்லை.

நம்மவரின் போர்க்காயங்களோ 2009 ஆம் ஆண்டுக்கும் அதற்கு முன்னும் உரியவை. என்னிடம் படித்த ஒருவர், சக்கர நாற்காலியில் இருப்பவர், வெளிநாட்டு விளம்பரமொன்றைக் காட்டி, "சேர், காணியை வித்துப் போட்டுப் போகட்டோ?" என்று கேட்டார். எலிகளின் கணக்கைச் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தார்.

"பத்து மாசமே பிந்திப் போச்செண்டால், நாங்கள்?" என்றார்.

காணியை விற்க வேண்டாம் என்றேன். அதுவரை துணிந்து சொல்ல முடிந்தது.