நின்று மணக்குஞ் சுண்ணம்

உடலிற் பூசும் நறுமணப் பொடியைப் பழந்தமிழர் சுண்ணம் என வழங்கினர். நீராடிய பின் மெய்யிற் பூசுதற்கும், விழாக் காலங்களில் ஒருவர்மீது ஒருவர் தூவி மகிழ்தற்கும் அது பயன்பட்டது. இன்று அச்சொல் பெரும்பாலும் சுண்ணாம்பையே நினைவூட்டினும், சுண்ணம் செய்யும் வழக்கம் முற்றாக மறைந்துவிடவில்லை. வாசனைப் பொடியை வீட்டிலேயே இடித்துச் சலித்து வைத்துக்கொள்வோர் இன்றும் உளர். ஆயின், காலையிற் பூசிய மணம் நண்பகலுக்குள் அகன்றுவிடுகின்றது என்பதே அவர்களிற் பலரது முறைப்பாடு. வாசனைப் பொருளை இன்னும் மிகுதியாகச் சேர்ப்பதே அதற்குப் பரிகாரம் என்று அவர்கள் எண்ணுவர். அவ்வெண்ணம் பொருந்துவதன்று. மணம் நிலைபெறுவது அளவினால் அன்று. தேர்ந்த பொருளினாலும், ஈரம் நீங்கிய பக்குவத்தினாலும், காத்திருக்கும் பொறுமையினாலுமே ஆகும்.

இவ்வுண்மையைத் தமிழ்க் காப்பியம் ஒன்று கதையாகவே காட்டியுள்ளது. திருத்தக்கதேவர் இயற்றிய சீவகசிந்தாமணியிற் குணமாலையார் இலம்பகத்தில், இளவேனில் நீர்விளையாட்டுக்குப் புறப்பட்ட குணமாலைக்கும் சுரமஞ்சரிக்கும் தத்தம் சுண்ணத்தின் சிறப்புக் குறித்துப் போட்டி நிகழ்கின்றது. தோற்றவள் நீராடாது மீளல் வேண்டும் என்பது உடன்பாடு. தீர்ப்புக் கூறுமாறு வேண்டப்பட்ட சீவகன் இரண்டையும் வானில் தூவ, வண்டுகள் குணமாலையின் சுண்ணத்தையே நாடின. மற்றையது மாரிக்காலத்தில் இயற்றப்பெற்றது என்பது அவன் காட்டிய காரணம். சுரமஞ்சரி நீராடாமலே திரும்பினாள். சேர்ந்த பொருள் சிறந்ததாயினும் காலம் பிழைத்தால் மணம் பிழைக்கும் என்பது இதனாற் பெறப்படும். புலவர் கூறிய இக்காரணம் வெறும் கற்பனையோ, அன்றி இயற்கை நெறிக்கு இயைந்ததோ என ஆராய்தல் தக்கது.

மணம் என்பது ஒரு பொருளினின்றும் ஆவியாகப் பிரிந்து மூக்கை அடையும் நுண்ணிய மூலக்கூறுகளால் உண்டாவது. ஆவியாகாத பொருள் மணப்பதில்லை. ஆனால் ஆவியாகும் ஒவ்வொரு கணமும் மணம் குறைந்துகொண்டே போகின்றது. எனவே மணத்தைத் தரும் பண்பே மணத்தை இழப்பிக்கும் பண்பும் ஆகின்றது. தோடம்பழத் தோலின் மணத்துக்கு முதன்மையான காரணம் இலிமொனீன் என்னும் சேர்வை. அதன் மூலக்கூற்று நிறை 136. கொதிநிலை ஏறத்தாழ 176 பாகை செல்சியசு. சந்தனத்தின் மணத்துக்குக் காரணமான சந்தலோலின் மூலக்கூற்று நிறை 220. அதன் கொதிநிலை 300 பாகையை அண்மித்தது. முன்னையது விரைந்து எழுந்து விரைந்து மறையும். பின்னையது மெல்ல எழுந்து நெடுநேரம் நிற்கும். வெட்டிவேரிலும் கோரைக்கிழங்கிலும் உள்ள மணச் சேர்வைகளிற் பல இப்பின்னைய வகையினவே. அன்றியும், இத்தகைய கனத்த சேர்வைகள் தம்மோடு கலந்த மெல்லிய மணங்களையும் விரைந்து பறக்கவிடாது தடுத்து வைக்கின்றன. வட இந்தியாவிற் கன்னோசி நகரத்து அத்தர் வடிப்போர் மலர்களின் ஆவியைச் சந்தன நெய்யிலே ஏற்று வந்ததன் காரணமும் இதுவே.

முன்னோர் மூலக்கூற்றை அறியாராயினும் அதன் விளைவை அறிந்திருந்தனர். சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் மாதவி கூந்தலை நீராட்டுதற்குப் பத்துத் துவரும், ஐந்து விரையும், முப்பத்திரண்டு ஓமாலிகையும் ஊறிய நீர் பயன்பட்டமை கூறப்படுகின்றது. ஐந்து விரையாவன கோட்டம், துருக்கம், தகரம், அகில், ஆரம் என்பர். இவற்றுட் கோட்டம் வேர்; அகிலும் ஆரமும் மரத்தின் வயிரம். விரைந்து வாடும் மலரை மட்டும் நம்பாது வேரையும் வயிரத்தையும் அடிப்படையாகக் கொண்டமை கருதத்தக்கது. வடமொழியில் இக்கலை கந்தயுக்தி எனப்பட்டது. கி.பி. 6ஆம் நூற்றாண்டினரான வராகமிகிரர் தமது பிருகத்சங்கிதையில் இதற்கென ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். பதினாறு வாசனைப் பொருள்களினின்றும் நான்கு நான்காகத் தேர்ந்தாற் கிடைக்கும் சேர்க்கைகள் 1820 என்னும் கணக்கு அதனுள் வருகின்றது. வாசனைக் கலை கணிதத்துக்கும் இடமளித்தமை மாணவர் நினைவிற் கொள்ளத்தக்கது.

இனி, வீட்டில் இதனைச் செய்யும் முறை வருமாறு. சுண்ணத்துக்கு உடல் ஒன்றும் உயிர் ஒன்றும் வேண்டும். உடலாவது மணத்தைத் தாங்கும் மென்மையான மா. அதற்குக் கூவைமா ஏற்றது. அது நிறத்தால் வெள்ளையானது, தனக்கெனக் கடுமணம் இல்லாதது. உயிராவது வாசனைப் பொருள். நூறு கிராம் சுண்ணத்துக்குக் கூவைமா 70 கிராமும், சந்தனத்தூள் 12 கிராமும், வெட்டிவேர்த்தூள் 8 கிராமும், பூலாங்கிழங்குத்தூள் 6 கிராமும், கோரைக்கிழங்குத்தூள் 4 கிராமும் கொள்ளலாம். வேரையும் கிழங்கையும் மண்ணறக் கழுவி, மெல்லியதாக அரிந்து, ஒடித்தால் ஓசையுடன் முறியும்வரை உலர்த்தல் வேண்டும். பின்பு சிறிது சிறிதாக இடித்து மெல்லிய துணியில் இருமுறை சலித்தல் வேண்டும். பொறியில் விரைந்து அரைக்குமிடத்துத் தூள் சூடேறும். அச்சூட்டிலேயே மணத்தின் ஒரு பகுதி பறந்துவிடும். உரலில் ஆறுதலாக இடித்தல் நன்று என்பதற்கு இதுவே காரணம். வெட்டிவேரின் நார் தோலை உறுத்துமாதலின் சலித்தலிற் சோர்வு கூடாது.

மல்லிகை மணத்தை விரும்புவோர் பூவை உலர்த்தி இடித்தலாற் பயன் இல்லை. உலர்ந்த மல்லிகையில் அதன் மணம் எஞ்சுவதில்லை. ஆனால் பறித்த பின்னரும் மல்லிகை இரவு முழுவதும் மணத்தை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். ஆதலின் சுண்ணத்தை அகன்ற தட்டில் ஒரு விரற்கனம் பரப்பி, அதன்மேல் மெல்லிய துணியை விரித்து, மாலையிற் பறித்த மொட்டுக்களை அத்துணியின்மீது இட்டு மூடிவைத்தல் வேண்டும். காலையிற் பூக்களை அகற்றிச் சுண்ணத்தைச் சிறிது நேரம் நிழலில் ஆற்றி, மாலையிற் புதிய மொட்டுக்களை இடுதல் வேண்டும். இவ்வாறு ஐந்தாறு இரவுகள் செய்தால், மொட்டு விரியுந்தோறும் எழும் மணத்தைச் சுண்ணம் சிறிது சிறிதாக ஏற்றுக்கொள்ளும். வட இந்தியாவில் எள்ளை மல்லிகையோடு அடுக்கி மணமேற்றி, பின்பு அவ்வெள்ளினின்றும் நெய் எடுக்கும் வழக்கமும் இந்நெறியே பற்றியது. இறுதியாகச் சுண்ணத்தைக் கண்ணாடிப் புட்டியில் இட்டு இறுக மூடி, வெயில் படாத இடத்தில் மூன்று கிழமை வைத்தல் வேண்டும். தனித்தனியே மணத்த பொருள்கள் அக்காலத்திலேதான் ஒரு மணமாகக் கூடுகின்றன.

ஈண்டு மாரிக்காலத்தின் குற்றம் விளங்கும். மா காற்றிலுள்ள ஈரத்தை இயல்பாகவே ஈர்த்து வைத்துக்கொள்ளும். உலர்ந்ததெனத் தோன்றும் மாவிலும் நூற்றுக்குப் பத்துப் பங்கிற்கு மேல் நீர் இருத்தல் உண்டு. யாழ்ப்பாணத்தில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் ஈரக்காற்றில் இடித்த வேர் நன்கு உலர்வதில்லை, தூள் கட்டிபடும், பூஞ்சணம் பற்றும், பூஞ்சணத்தின் புழுங்கல் நாற்றம் நன்மணத்தை மூடிவிடும். வறண்ட கோடையில் இடித்த சுண்ணம் இக்கேடுகளினின்றும் தப்புகின்றது. சீவகன் கூறிய காரணம் இயற்கை நெறிக்கு இயைந்ததே.

பழையன யாவும் கொள்ளத்தக்கன என்று கூறுதலும் பொருந்தாது. மணத்தை நிலைநிறுத்தற்கு முன்னோர் கத்தூரியையும் புனுகையும் கையாண்டனர். கத்தூரிக்காக மான்கள் கொல்லப்பட்டன. புனுகுக்காகப் பூனைகள் கூண்டிலடைத்துத் துன்புறுத்தப்பட்டன. கத்தூரிவெண்டையின் விதை அத்தகைய மணத்தை உயிர்க்கொலையின்றித் தருகின்றது. அவ்விதையைச் சிறிதளவு சேர்ப்பின் சுண்ணத்தின் மணம் மேலும் நிலைக்கும். புதியனவற்றிலும் ஆராய்ச்சி வேண்டும். கடைகளில் விற்கும் பூச்சுத்தூள்கள் பலவற்றுக்கு அடிப்படையாய் இருந்த டால்க் என்னும் கனிப்பொருளைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2024ஆம் ஆண்டில், மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் விளைவிக்கக்கூடியவை என்னும் வகுப்பிற் சேர்த்தது. வீட்டுச் சுண்ணத்தில் அது வேண்டுவதில்லை. எனினும் எத்தூளாயினும் மூச்சோடு உட்செல்லுதல் தீங்கே. குழந்தைகளின் முகத்தருகே அதனைத் தட்டுதல் ஆகாது. புண்பட்ட தோலிலும் பூசலாகாது. புதிதாகச் செய்த சுண்ணத்தை முதலில் முன்கையிற் சிறிது தடவி, ஒரு நாள் பொறுத்துப் பார்த்த பின்னரே பயன்படுத்தல் நன்று. நீராடியபின் தோலின் ஈரம் முற்றாக உலர்ந்த பிறகு பூசினால் அது திரளாது நிற்கும்.

இவ்வளவும் செய்த பின்னரும், மணம் போய்விட்டது என்று ஒருவர் முறையிடக்கூடும். ஆங்கு ஆராயவேண்டியது சுண்ணத்தை அன்று, மூக்கையே ஆகும். இடைவிடாது ஒரே மணத்தை நுகரும் மூக்கு சிறிது நேரத்தில் அதனை உணராது விடுகின்றது. பூசியவர் மணம் இல்லை என்று மேலும் பூசுவார். அருகிருப்பவரோ அதன் மிகுதியால் வருந்துவார். தன் சுண்ணத்தின் தரத்தைத் தன் மூக்கினால் மட்டும் தேர்தல் இயலாது. சுரமஞ்சரியும் குணமாலையும் தத்தம் சுண்ணமே சிறந்ததென்று மெய்யாகவே நம்பியிருத்தல் கூடும். சீவகன் அவர்களது சொல்லையும் ஏற்கவில்லை. தன் மூக்கையும் நம்பவில்லை. பழக்கமும் பற்றும் இல்லாத வண்டுகளை அவன் நடுவராக்கினான். தன் கைவினையைத் தானே வியவாது, பற்றில்லாத பிறர் தேர்வுக்கு அதனை விடுதல் என்னும் அந்நெறி சுண்ணத்துக்கு மட்டும் உரியதன்று. கல்வி அனைத்துக்கும் உரியது.