மண்டபத்தூர்க் கரையில் அம்மையார் பதிகம்

சென்ற ஆனி மாங்கனித் திருவிழாவையொட்டி, கல்லூரியில் பயிலும் என் பேத்தியும் தோழியரும் காரைக்கால் அம்மையாரின் மூத்த திருப்பதிகங்களுள் நட்டபாடைப் பண்ணில் அமைந்ததை மண்டபத்தூர்க் கடற்கரையில் பாடிக் காணொளியாக எடுத்தனர். வங்கியில் கணக்கெழுதி ஓய்ந்த எனக்குப் பொருள் விளக்கும் பணி.

அம்மையார் வேடம் தாங்கிய பெண், முகத்தில் கரியும் சாம்பலும் பூசி வந்து நின்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. “பட்டுடுத்தி, கையில் மாங்கனியோடு நிற்கட்டுமே” என்றேன்.

“கணவர் காலில் விழுந்து வணங்கியபின், இந்த அழகே வேண்டாமென்று இறைவனிடம் பேயுருக் கேட்டவரல்லவா, தாத்தா? அவர் உதறியதை நாம் ஏன் திருப்பிக் கொடுக்க வேண்டும்?” என்றாள் பேத்தி.

ஐம்பது ஆண்டுகளாக மாங்கனி இறைக்கும் காட்சியைக் கண்டு வருபவன் நான். விடை கூற இயலவில்லை.

கடற்காற்றில் குரல் சரியாகப் பதியாமையால், வீட்டில் கதவடைத்து மீண்டும் பாடினர். படத்தில் பேயுருவைக் கண்டதுமே என் மனைவி கைகூப்பினாள். நான் சற்றுத் தாமதமாகவே கூப்பினேன்.