கணக்கு நேரத்து வயிற்று வலி

நேயர்களில் பலருடைய வீட்டில் ஒரு விசித்திர நோய் உண்டு. காலை 9 மணிக்குக் காணும். 10 மணிக்கு நீங்கிவிடும். மருந்து வேண்டியதில்லை. கணக்குப் புத்தகத்தை எடுத்து அலமாரியில் வைத்தால் போதும், பிள்ளையின் வயிற்று வலி பறந்துவிடும்.

ராஜபாளையத்தில் நம் நண்பர் வீட்டில் இந்நோய் சற்று முற்றியிருந்தது. பள்ளிக்கூடமாயிருந்தால் பழியைப் போட ஓர் உபாத்தியாயர் இருப்பார். இங்கே உபாத்தியாயரும் தாயாரும் ஒருவரே. ஒன்பது வயதுப் பையனை வீட்டில் வைத்தே படிப்பிப்பதென்று தம்பதிகள் இரண்டு வருஷங்களுக்கு முன் தீர்மானித்திருந்தார்கள். தமிழ்ப் புத்தகங்களைக் கரைத்துக் குடிக்கிறான்; கண்ட பறவைகளுக்கெல்லாம் பெயர் சொல்கிறான். கணக்கு என்றால் மட்டும் முகம் சுண்டிவிடுகிறது. வகுத்தலில் ஆரம்பித்த சச்சரவு ஒரு நாள் அடியில் முடிந்ததாம். "அன்று பூராவும் அவன் என்னோடு பேசவில்லை. கணக்கு வராவிட்டால் போகிறது, பிள்ளையே கைவிட்டுப் போய்விடுவானோ என்று பயமாயிருக்கிறது" என்று அந்த அம்மாள் கண் கலங்கினார். "அப்போதே பள்ளிக்கூடத்தில் போடச் சொன்னேன்" என்று மாமனார் திண்ணையிலிருந்து குரல் கொடுத்தார். அவர் இதை முதல் தடவையாகச் சொல்லவில்லை என்பது மருமகளின் முகத்தில் தெரிந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. புத்தகத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு எல்லோரும் அய்யனார் கோவிலுக்குப் புறப்பட்டோம். நகரத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில், நீரோடைக் கரையில் இருக்கிறது கோவில். நீர் காத்த அய்யனார் என்று பெயர். வழியில் ராஜபாளையத்துக்குக் குடிநீர் தரும் நீர்த்தேக்கம் உள்ள இடத்துக்கு ஆறாவது மைல் என்று பெயர்.

"ஆற்றுக்குப் பக்கத்தில் இருப்பதால் ஆறாவது மைலா, மாமா?" என்றான் பையன்.

நாம் சிரித்தோம், ஆனால் அவன் விடவில்லை. எங்கிருந்து ஆறு? மைல் என்றால் எவ்வளவு? ஐந்து மைல் எட்டுக் கிலோமீட்டர் என்று தகப்பனார் சொன்னார். அப்படியானால் ஆறு மைல் ஒன்பதரைக்கு மேல், பத்துக்குள் என்று பையன் வாய்விட்டுக் கணக்கிட்டு, வண்டியின் முகப்பில் ஓடும் எண்ணைத் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தான். வயிற்று வலி என்று ஒரு வார்த்தை இல்லை!

ஓடையில் நீர் கணுக்கால் அளவே ஓடியது. நீர் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பையனுக்குத் தெரிய வேண்டும். பத்து அடி நடந்து இரண்டு கற்களை அடையாளம் வைத்து, ஓர் இலையை மிதக்கவிட்டு எண்ணினான். முதல் தடவை 14. இரண்டாம் தடவை 11. மூன்றாம் தடவை இலை ஒரு வேரில் தட்டி 17. "இதில் எது சரி, அம்மா?" என்று கேட்டான்.

அந்த அம்மாள், "எனக்கும் தெரியவில்லையேடா" என்றார்.

அன்றைய தினத்தில் நமக்கு முக்கியமாகப் பட்டது இந்தப் பதில்தான். வீட்டில் விடை எப்போதும் அம்மாவிடம் இருந்தது; புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒளிந்திருந்தது. பையன் கணக்குச் செய்யவில்லை. அம்மா மனத்தில் வைத்திருப்பதைக் கண்டுபிடிக்கும் சோதனைக்கு உட்பட்டிருந்தான். இங்கே விடை யாரிடமும் இல்லை. மூன்றையும் கூட்டி மூன்று சம பங்காக்கினால் 14 வருகிறது என்று இருவருமாகக் கண்டுபிடித்தார்கள். அதற்குள் தாத்தா தம்முடைய பத்து அடிதான் பத்து அடி, பேரனுடையது ஏழுக்குக்கூடக் காணாது என்று வழக்குத் தொடுத்துவிட்டார்!

நாம் ஸ்ரீவில்லிபுத்தூரில் வாங்கிச் சென்ற பால்கோவா ஒரு கிலோ. நாங்கள் எட்டுப் பேர். "ஆளுக்கு அரைக்கால்" என்றார் தாத்தா. அதில் பாதி வீசம். நூற்றிருபத்தைந்து கிராமில் பாதி அறுபத்திரண்டரை என்று பேரன் ஒத்துப் பார்த்தான். பழைய எண்சுவடியைத் தகப்பனாரிடம் மனப்பாடம் செய்தவர் அல்லவா? காணி 80-ல் ஒன்று, முந்திரி 320-ல் ஒன்று என்று அடுக்கினார். "முந்திரியைப் பால்கோவாவில் போடுவார்களா?" என்று பையன் கேட்டதும் கிழவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தை நாம் புகழ்வதாக நினைக்க வேண்டாம். அங்கே பிரம்பும் இருந்தது. ஆனால் அரைக்கால், வீசம் எல்லாம் படியிலும் தராசிலும் நிதம் புழங்கியதனால் கணக்குக்கும் கடைத்தெருவுக்கும் நடுவே சுவர் இல்லை.

அந்தச் சுவர் எவ்வளவு உயரமானது என்பதை பிரேஸில் தேசத்து ரெஸீபே நகரில் சில ஆராய்ச்சியாளர்கள் அளந்து 1985-ல் வெளியிட்டார்கள். தெருவில் இளநீரும் பழமும் விற்ற சிறுவர்கள் வியாபாரத்தின் நடுவே போட்ட கணக்குகளில் நூற்றுக்கு 98 சரியாயிருந்தன. அதே மாதிரிக் கணக்கை வெறும் எண்களாகத் தாளில் எழுதிக் கொடுத்தபோது 37 தான் சரி!

அமெரிக்காவில் மான்செஸ்டர் நகரப் பள்ளிகளின் தலைவர் பெனேஸட் 1929-ல் இன்னும் துணிந்தார். சில வகுப்புகளில் ஆறாம் வகுப்பு வரை முறையான கணக்குப் பாடத்தையே எடுத்துவிட்டு, பேச்சும் வாசிப்பும் உயரம் நீளம் மதிப்பிடுவதுமாக வைத்தார். பிறகு கணக்கைத் தொடங்கிய அப்பிள்ளைகள் ஒரே வருஷத்தில் மற்றவர்களை எட்டிப் பிடித்தார்கள்.

திரும்பும்போது நண்பர் மெதுவாகக் கேட்டார்: "அப்படியானால் பாடத்தை விட்டுவிடலாமா?"

இதில்தான் நமக்குத் தயக்கம். ஜோஹானஸ்பர்கில் காந்தியடிகள் தம் புதல்வர்களைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. அலுவலகத்துக்குப் போக வர ஐந்து மைல் நடையில் பேசிக்கொண்டே போதித்தார். முறையாகப் படிப்பிக்க நேரம் போதவில்லை என்பதையும், பிள்ளைகளுக்கு அதில் மனக்குறை இருந்ததையும் சுயசரிதையில் அவரே மறைக்காமல் எழுதியிருக்கிறார். நடை அருமையானது, நடை மட்டும் போதவில்லை. அந்த மகானுக்கே சிறு வயதில் யூக்ளிடின் க்ஷேத்திர கணிதம் கசந்தது. ஆங்கிலத்தில் கற்பித்ததால் கஷ்டம் இரட்டித்தது. 13-ஆவது சித்தாந்தத்தை எட்டியபோதுதான் விஷயம் எவ்வளவு எளிது என்று விளங்கியதாம். பன்னிரண்டோடு விட்டிருந்தால்?

ஆகவே விட வேண்டாம் என்றோம். நேரத்தைக் குறைக்கலாம், கால் மணி போதும். பிரம்பும் கடைசிப் பக்கத்து விடையும் வேண்டாம். அளந்ததையும் எண்ணியதையும் பையன் தானே ஒரு நோட்டில் எழுதட்டும். கோபம் வரும் நாளில் தாத்தா கணக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். இந்த யோசனைக்கு மருமகளைவிட மாமனார்தான் முதலில் தலையசைத்தார்.

ஆனால் மறுநாளே பையன் மாறிவிடவில்லை. புத்தகத்தைக் கண்டதும் மறுபடி வயிற்றைப் பிடித்துக்கொண்டானாம். ஐப்பசியில் கடிதம் வந்தது. மழை பலத்து, ஓடையில் வெள்ளம் வந்து, அய்யனார் கோவிலுக்குப் போகும் வழியை அடைத்துவிட்டார்கள். பையன் நோட்டை எடுத்து, 14 என்று எழுதியதற்குப் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டுக் காலியாக வைத்திருக்கிறான். வழி திறந்ததும் தாத்தாவோடு போய் அதை நிரப்ப வேண்டுமாம். இந்தத் தடவை அடிக்கோல் ஒன்றும் எடுத்துப் போகிறார்கள்.