புகையிரதம் ஏறிப் 'பப்' தேடி

'பப்' என்னும் சொல் எம்மவர் இல்லங்களில் நற்பெயர் பெற்றதன்று. வேலை முடிந்து நேரே வீடு திரும்பாத குடும்பத்தலைவன், வெள்ளி இரவில் தெருவில் எழும் கூச்சல், கடையில் நிற்கும் எம் பிள்ளைகள்மீது வீசப்படும் வசவு ஆகியனவே அச்சொல்லோடு சேர்ந்து நினைவுக்கு வருகின்றன. நாமும் இந்நாட்டுக்கு வந்த பல ஆண்டுகள்வரை அக்கட்டடங்களை வழி கேட்கும் அடையாளங்களாக மட்டுமே அறிந்திருந்தோம். இலண்டனில் நாள்தோறும் நாம் உச்சரிக்கும் ஏஞ்சல், எலிபன்ட் அன்ட் காசில், சுவிஸ் கொட்டேஜ் ஆகிய நிலக்கீழ் நிலையங்களின் பெயர்கள் பழைய விடுதிகளின் பெயர்களே என்பதைப் பிற்காலத்திலேயே அறிந்துகொண்டோம்.

2024ஆம் ஆண்டுக் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லீட்ஸ் நகரிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. அகதிகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தம் அயலவரோடு ஆண்டுதோறும் கிராமத்து மதுச்சாலைகளுக்குச் சென்றுவருவார். மோட்டார் வாகனம் எவரும் கொண்டுவரலாகாது; ஓட்டுவதற்காக ஒருவர் குடியாதிருக்கவேண்டிய நிலை ஏற்படும் என்பதே காரணம். புகையிரதம், பேருந்து, கால்நடை இவை மூன்றுமே அவர்களின் வாகனங்கள். மூவர் முதல் ஒன்பதின்மர்வரை சேர்ந்து பயணஞ்செய்தால் கட்டணத்தில் மூன்றிலொரு பங்கு குறையும் என்பதால் அன்று ஒன்பது பேர் புறப்பட்டோம். தமிழர் இருவர். மற்றவர், புகலிட விண்ணப்பத்துக்கு இரண்டாண்டுகளாக முடிவு கிடையாத இளைஞர். மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் அதிகாரிகள் முன் கையொப்பமிட வேண்டியிருந்தமையால் கடைசி வண்டியைத் தவறவிட இயலாது.

லீட்ஸிலிருந்து செற்றில் வழியாகக் கார்லைல் செல்லும் பாதை 1876இல் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. 1980களில் அதனை மூடிவிட முனைந்தனர். இருபத்திரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்சேபங்கள் குவிந்தன. அவற்றுள் ஒன்று, கட்டணஞ்செலுத்திப் பயணஞ்செய்த நாயொன்றின் பாதச்சுவடு! 1989 ஏப்ரலில் பாதை காப்பாற்றப்பட்டது. அந்நாய்க்குக் கார்ஸ்டேல் நிலையத்தில் சிலையும் உண்டு. ஆங்கிலேயரின் இக்குணத்தை இன்றளவும் நாம் முற்றாக விளங்கிக்கொண்டோமில்லை.

ரிபிள்ஹெட்டில் இறங்கினால் கண்முன்னே இருபத்துநான்கு வளைவுகள் கொண்ட கற்பாலம். அருகே 'ஸ்டேஷன் இன்'. எஞ்சியது காற்றும் ஆடுகளும். விடுதியின் வாயிலில் அவ்விளைஞர் நின்றுவிட்டார்.

"சேர், இதுக்குள்ளை நாங்கள் போகலாமோ? எழும்பிப் போகச் சொல்லமாட்டினமோ?"

அக்கேள்வி வீணானதன்று. 1963இல் பிரிஸ்ரல் நகரப் பேருந்துகளில் கறுப்பினத்தவரையும் ஆசியரையும் நடத்துநராகவோ சாரதியாகவோ சேர்க்க மறுத்தபோது, பேருந்துகளைப் புறக்கணிக்கும் போராட்டத்தை முன்னின்று நடத்தியவர் பால் ஸ்டீபன்சன். அடுத்த ஆண்டு அந்நகரின் மதுச்சாலை ஒன்றில் அமர்ந்திருந்த அவரை வெளியேறுமாறு கூறினர். அவர் எழவில்லை. பொலிசார் கைதுசெய்தனர், வழக்கு நீதிமன்றில் தள்ளுபடியாயிற்று. 1965ஆம் ஆண்டின் இன உறவுச் சட்டம் பொது இடங்களில் இன அடிப்படையில் ஒருவரை மறுப்பதைச் சட்டவிரோதமாக்கியது. ஸ்டீபன்சன் 2024 நவம்பரில் காலமானார். எமது ஊரை எண்ணிப்பாருங்கள்: 1960களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளுக்குள் நுழைவதற்கே ஒடுக்கப்பட்ட மக்கள் போராடவேண்டியிருந்தது. அங்கே மறித்து நின்றவர் வெள்ளையர் அல்லர். இவற்றையெல்லாம் வாயிலில் நின்று விரிவுரையாற்றத் தொடங்கினோம். பழைய தொழிலின் தோஷம். ஆசிரியை வந்து "மழை வருகிறது" என்று இருவரையும் உள்ளே தள்ளினார்.

உள்ளே வேறொரு சங்கடம் காத்திருந்தது. கூடியிருப்போரில் ஒருவர் மாறி ஒருவர் அனைவருக்கும் பானம் வாங்குதல் இந்நாட்டு வழக்கம், 'சுற்று' என்பர். தன் முறை வரும்போது நழுவுபவனை மன்னிக்கமாட்டார்கள். ஒன்பது பேருக்கு ஒரு சுற்று என்றால் நாற்பது பவுணைத் தொட்டுவிடும். பகிர்வு வீட்டில் தானே சமைத்துண்ணும் புகலிடக் கோரிக்கையாளருக்கு அவ்வாண்டு வழங்கப்பட்ட வாரப்படி 49 பவுண் 18 பென்ஸ்! எம் இளைஞரின் கை சட்டைப்பைக்குள் நாணயங்களை எண்ணிக்கொண்டிருந்ததைக் கண்டோம். ஆசிரியையும் கண்டிருக்கவேண்டும். "பெரிய கூட்டம்; இன்று அவரவர் அவரவர்க்கு" என்று உரத்துக் கூறினார். மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டனர். மதுவிற்கும் விடுதிகளில் குழாய்த் தண்ணீரைக் கேட்டால் இலவசமாகத் தரவேண்டும் என்பது 2010 முதல் இங்குள்ள விதி. இளைஞர் தண்ணீர் அருந்தினார். நாம் அரைப் 'பைன்ற்' ஏல் பருகினோம். அது குளிரூட்டப்படாது கைப்பம்பினால் இறைக்கப்படும் பியர். முதல் மிடறு கசந்தது, மூன்றாவது மிடறு கசக்கவில்லை.

அங்கிருந்து சப்பல்-லெ-டேல் கிராமத்துக்கு நடந்தோம். பாலங்கட்ட வந்து, குடிசைகளில் வாழ்ந்து, விபத்திலும் நோயிலும் மாண்ட தொழிலாளரும் அவர்தம் பிள்ளைகளும் அங்குள்ள தேவாலய வளவில் புதைக்கப்பட்டுள்ளனர். அருகிலிருந்த விடுதியில் பேச்சு மூடப்படும் மதுச்சாலைகளைப் பற்றித் திரும்பிற்று. 1986இல் இலண்டனுக்கு வெளியே பேருந்துச் சேவைகள் போட்டிச் சந்தைக்கு விடப்பட்டபின் இலாபந்தராத கிராமத் தடங்கள் பல நலிந்தன. பேருந்து நின்ற ஊரில் வாகனமில்லாத முதியவர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்; விடுதியும் சாய்கிறது. கம்பிரியாவின் ஹெஸ்கற் நியூமார்க்கற்றில் 2003இல் ஊரவரே கூட்டுறவாகச் சேர்ந்து தம் விடுதியை வாங்கினர் என்று ஒருவர் பெருமையோடு கூறினார். எழுபதுகளில் எமது கள் இறக்கும் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்துத் தவறணைகளை நடத்திய வரலாற்றை நாம் எடுத்துரைத்தோம். 'தவறணை' ஐரோப்பியர் விட்டுச்சென்ற சொல் என்றதும் மேசையே சிரித்தது.

மாலையில் செற்றில் ஊரில் இறங்கி மூன்றாவது விடுதியில் அமர்ந்தோம். கடைசி வண்டிக்கு ஒரு மணித்தியாலம் இருந்தது. இளைஞர் எழுந்து தனியே விற்பனை மேடைக்குச் சென்றார். வரிசை இல்லாத அவ்விடத்தில் தன் முறை எதுவெனச் சற்றுத் தடுமாறி, பின் இரு கோப்பைத் தேநீருடன் திரும்பினார். பணத்தை நீட்டினோம்.

"வேண்டாம் சேர். இது என்ரை முறை."

வண்டி ஏழு நிமிடம் தாமதித்து வந்தது. மறுநாள் பத்து மணிக்கு முன்னரே அவர் கையொப்ப வரிசையில் நின்றார். வழக்கின் முடிவு அவ்வாண்டு முடியும்வரை வரவில்லை.